பெயர் கேட்க மறந்த உத்தியோகத்தருக்கு நன்றி

அக்கா இறந்த பிறகு அவருடைய இரு பிள்ளைகளையும் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பதே வழியென்று உறவினர்கள் முடிவெடுத்திருந்த வேளையில், முல்லைத்தீவு மாவட்டப் பிரதேச செயலகமொன்றில் எங்களைச் சந்தித்த சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரே, இந்த நன்றி உங்களுக்குரியது. வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று எடுத்துச் சொன்னதோடு நில்லாமல், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் நீங்களே அழைத்துச் சென்று, அவர்களை அம்மம்மாவின் பொறுப்பில் நீதிமன்றத்தினூடாக ஒப்படைக்கும் முறையைப் பொறுமையாக விளக்கினீர்கள். பிறப்புப் பதிவு இல்லாத சின்னவனுக்குக் காலங்கடந்த பதிவுக்கான படிவத்தையும், நாங்கள் கேட்காமலே, நிரப்பித் தந்தீர்கள். அலுவலக வரிசைகளில் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற அவசர இலக்கத்தைப் பெரியவளின் கொப்பியில் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். இருவரும் இப்போது அம்மம்மாவுடன் இருந்து பாடசாலைக்குப் போகிறார்கள். இதை வாசிக்க நேர்ந்தால், ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள்.