எம்.எல்.ஏ., எம்.பி.க்குக் கடிதம்: சனிக்கிழமைக்குள் கையெழுத்து

எஸ்டேட் லயத்து (வரிசை வீடுகள்) உறவுகளுக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வலுவான சட்டம் கேட்டு தேவிகுளம் எம்.எல்.ஏ.வுக்கும் இடுக்கி எம்.பி.க்கும் கடிதம் தயார். 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது) என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அதைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம்தான் இல்லை. பருவநிலைக் கேடுகளிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வழக்கு என்னவோ கானமயில் என்ற அரிய பறவைக்காகப் போட்டது, பலன் நமக்கும் சேர்ந்தே வந்திருக்கிறது!

“இதெல்லாம் டெல்லி விஷயம், நமக்கெதற்கு?” என்று சிலர் கேட்டார்கள். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். போன் சிக்னல் இல்லாமல், விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதனால் கடிதம் கார்பன் கணக்கோடு நிற்கவில்லை. சரிவுக்குக் கீழே உள்ள லயங்களை வேறிடத்தில் கட்டித் தருவது, எஸ்டேட் தோறும் மழைமானியும் முன்னெச்சரிக்கையும், உறைபனியில் கொழுந்து கருகி வேலை இல்லாமல் போகும் நாட்களுக்குக் கூலி, எல்லாம் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வாக்குறுதியாக வேண்டாம், அது நம்மிடம் நிறையவே கையிருப்பு உண்டு.

தாள் காலையில் மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் இடத்தில் இருக்கும். பெயரும் கையெழுத்தும் போதும், போன் நம்பர் வேண்டாம். கோவை, திருப்பூர் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஓட்டு இங்கே இருந்தால், இந்தக் குழுவிலேயே ‘சம்மதம்’ என்று போட்டுவிடுங்கள். கடிதம் தமிழில்தான், மலையாளப் பிரதியும் கூடவே போகும்.