முதல் பாடத்தில் கணினி வேண்டாம்

தொடக்க வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எழுதும் பெரியோர்களுக்கு,

வணக்கம். மாலை வேளையில் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் நான். கணினியின் பாகங்களைக் கேட்டால் விசைப்பலகை, சுட்டி, திரை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். சுட்டியைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் அதற்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறது. கணிப்பது என்றால் என்ன என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

சென்ற வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "நீ சொல், நான் கோலம் போடுகிறேன்" என்று மாவுக் கிண்ணத்தை எடுத்தேன்.

"5 புள்ளி வையுங்கள் சார்."

வைத்தேன், கண்டபடி. தலையில் அடித்துக்கொண்டாள். "நேராக! ஒரே இடைவெளியில்!"

கம்பியை வளைக்கச் சொன்னாள்; வேண்டுமென்றே தப்பான பக்கம் வளைத்தேன். எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லையே! நாலைந்து முறை அழித்தெழுதிய பிறகு அவள் சொன்னது இது: "இரண்டு புள்ளிக்கு நடுவில் குறுக்கே கடந்து போங்கள். ஓரப் புள்ளி வந்தால் சுற்றித் திரும்புங்கள். தொடங்கிய இடம் வரும்வரை இதையே செய்யுங்கள்."

அந்த 'வந்தால்', 'வரும்வரை' இரண்டையும் அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. கணினிக்குக் கட்டளை வரிசை, அதாவது நிரல், எழுதுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்குவது இவற்றைத்தான்.

கோலம் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் குறிகளை எந்த விதிப்படி கோக்கலாம் என்று சொல்லும் கணினியியலின் மொழிக்கோட்பாட்டைக் கொண்டு கோலத்துக்கே இலக்கணம் வகுத்தார்கள். 1974இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அவ்வளவு ஏன், 1936இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் கணிப்புக்கு வரையறை தேடியபோது அவர் எதிரே கணினியா இருந்தது? ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லே அப்போது கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. அந்த ஆளையே அவர் கூர்ந்து பார்த்தார். கணக்குப் போடுபவர் தாளில் ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், இருப்பதை அழிக்கிறார் அல்லது எழுதுகிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார். குழந்தையின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட தாள் என்றே டூரிங் தம் கட்டுரையில் எழுதினார். அந்த நோட்டு நம் பிள்ளைகளின் பையில் இருக்கிறது; பாடத்தில்தான் இல்லை.

ஆகவே முதல் பாடத்தில் இயந்திரமே வேண்டாம். கோலமும் கட்டம் போட்ட நோட்டும் போதும். விசைப்பலகை மெதுவாக வரட்டும். தேர்விலும் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பதை எடுத்துவிட்டு, 'பக்கத்தில் இருப்பவர் போடும்படி ஒரு கோலத்தை எழுத்தில் சொல்' என்று கேளுங்கள். பக்கத்துப் பிள்ளை போட்டதைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு திண்ணை வாத்தியார்