போடாத ஊசிக்கு அட்டையில் தேதி

அனுப்புநர்: உங்கள் பெஸ்தாரி ஜெயா கிளையின் வாடிக்கையாளர் (ரசீது, தடுப்பூசி அட்டை நகல்கள் இணைப்பில்)
பெறுநர்: நிர்வாகி, வாடிக்கையாளர் பிரிவு, கிளினிக் தலைமையகம்
தேதி: 14.7.2025
பொருள்: ஹெப்பாடைடிஸ் பி மூன்றாவது ஊசியைப் போடாமலே போட்டதாகப் பதிந்தது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த மே 17ஆம் தேதி சனிக்கிழமை, உங்கள் கிளினிக்கில் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைடிஸ் பி கிருமிக்கான பயணத் தடுப்பூசிக்கு 330 வெள்ளி கட்டினேன். வழக்கமாக ஆறு மாதம் பிடிக்கும் மூன்று ஊசியை, முதல் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் என்று விரைவாகப் போட்டுவிடலாம், ஜூன் 12ஆம் தேதி திருச்சிக்கு விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்றார்கள். போட்டது இரண்டுதான். அட்டையிலோ மூன்று தேதி இருக்கிறது. என் புகார் அந்த மூன்றாவது தேதியைப் பற்றியது.

நான் 1981இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். நம் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்த ஊசி போடத் தொடங்கியது 1989இல்தான். என் மகனுக்குப் பிறந்ததுமே போட்டுவிட்டார்கள். எனக்கும் என் அண்ணனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அண்ணனுக்கு ஒருமுறை கண் மஞ்சளித்தபோது பாட்டி கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். காமாலை இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதியானது. கிருமி இறங்கவில்லை. 2011இல் கல்லீரல் புற்றுநோயால் அவர் போனபோது வயது 38. பிறக்கும்போதே தொற்றியிருக்கலாம் என்று மருத்துவமனையில் அப்போதுதான் சொன்னார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுமாம். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

ஆகவே முதல் நாளே உங்கள் கவுண்டரில் இதைச் சொல்லி, "முதலில் ரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், ஊசி போட்டாலே போதும்" என்று சொல்லி நேராக ஊசி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே கிருமி இருப்பவருக்கு இந்த ஊசியால் பயனில்லை. ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் அவர் சிகிச்சைக்கும் போகாமல் இருந்துவிடுவார். அண்ணனை இந்த நோய்க்குப் பறிகொடுத்த வீடு இது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் உங்கள் ஆட்கள் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது ஊசி மே 24இல் ஒழுங்காக நடந்தது. மூன்றாவதுக்கு ஜூன் 7 என்று நீங்களே அட்டையில் எழுதிக் கொடுத்தீர்கள். அன்று ஹாஜிப் பெருநாள். போனால் கதவு பூட்டியிருக்கிறது. பெருநாள் இன்ன தேதி என்று நாட்காட்டியில் இல்லையா? திங்கட்கிழமை 9ஆம் தேதி வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி வந்தேன். மருந்து தீர்ந்துவிட்டது, இரண்டு போட்டதே போதும், ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் தாதி. அட்டையை உள்ளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்காமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டேன்.

நாங்கள் போனது நெடுநாள் காத்திருந்து பிறந்த மகனுக்காக. இரண்டு வயதில் குலதெய்வத்துக்கு அவனுக்கும் எனக்கும் மொட்டை போடுவதாக நேர்த்திக்கடன். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ இந்த நோய் வராது, ரத்தம் பட்டால் வரும். காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாளாவது இருக்கும். அதனால்தான் சவரக்கத்தியை நினைத்தே நான் ஊசி போட வந்தேன், புது பிளேடும் வாங்கிப் போனேன். மகனுக்குப் புது பிளேடுதான் போட்டார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு மழித்த கத்தி அப்படியே என் தலைக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் நான் கவனித்துச் சொல்வதற்குள் காதுக்கு மேலே கீறி ரத்தம் வந்துவிட்டது.

அன்று மாலையே திருச்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, "மூன்றும் போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றார். இரண்டுதானே என்றேன். அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். மூன்றாவது வரியில் 9.6.2025, பக்கத்தில் உங்கள் கிளினிக் முத்திரை. முதல் இரண்டு வரிகளில் மருந்துக் குப்பியின் பேட்ச் எண் ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாவதில் அந்த இடம் காலி. அதைப் பார்த்த பிறகுதான் அவர் என்னை நம்பினார். பிறர் ரத்தம் பட்டவருக்கு மூன்றும் போட்டிருந்தால் ஒரு வழி, குறைந்திருந்தால் வேறு வழியாம். நான் எண்ணிக்கை தெரியாதவனாக இருந்திருந்தால்? என் வயதான அம்மா கையில் அந்த அட்டை இருந்திருந்தால்?

விட்ட ஊசியை அங்கேயே போட்டார்கள். தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும் என்றும், விரைவுத் தவணையில் போட்டவர்களுக்கு ஓராண்டு கழித்து நான்காவது ஊசி கட்டாயம் என்றும் அவர்தான் விளக்கினார். உங்கள் கிளினிக்கில் அந்த நான்காவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் நாள் நான் கெஞ்சிக் கேட்ட ரத்தப் பரிசோதனையையும் அவரே எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை இரண்டு இரவு நானும் என் மனைவியும் தூங்கவில்லை. எனக்குக் கிருமி இல்லை. கீறலால் ஏதும் தொற்றியதா என்று தெரிய இன்னும் சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

மருந்து தீர்ந்துபோவது எங்கும் நடக்கும். போடாத ஊசியைப் போட்டதாக அட்டையில் எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மூன்றாவது ஊசிக்கான 110 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் அதற்காக மட்டும் நான் எழுதவில்லை. ஜூன் 9 பதிவு தவறு என்று டாக்டர் கையெழுத்தோடு எழுத்து மூலம் வேண்டும். அடுத்த மே மாதம் நான்காவது ஊசிக்கு நான் எங்கே போனாலும் அந்தக் கடிதம் அட்டையோடு இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சிடம் புகார் செய்வேன்.

இன்னொன்று. ஜூன் 9 அன்று எனக்குப் பின்னால் வயதான கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். சென்னைக்குப் போகிறோம் என்றார்கள். அவர்களுக்கும் மருந்து இல்லை என்றுதான் சொன்னார்கள், அவர்கள் அட்டைகளையும் உள்ளே கொண்டுபோய்த்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்