அந்த சாதா கிட்டார் இன்னும் என்கிட்டதான் இருக்கு

மச்சான்,

எப்படிடா இருக்க? உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, கோவிச்சுக்காத, பையன் பரீட்சை, வீட்டுல பெயிண்ட் வேலைன்னு நாள் ஓடிடுச்சு. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, உன்னக் கேட்டாங்க.

உன் மக கிட்டார் கத்துக்கணும்னு அடம்பிடிக்கிறான்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம்டா. எது வாங்கலாம்னு கேட்டிருந்த. என் பழைய கிட்டாரப் பத்தி சொல்றேன், அதுலயே உனக்கு பதில் இருக்கும்.

அது வந்து 14 வருஷம் ஆச்சு. பாக்க ஒண்ணுமே இருக்காது, முத்துப் பதிச்ச வேலைப்பாடு கிடையாது, பளபளன்னு பாலிஷ் கிடையாது, சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புற பிக்கப் கூட இல்ல. மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்னாடியும் பக்கமும் மஹோகனி, அவ்ளோதான். ஆனா மேல் பலகை பிளைவுட் இல்ல, முழு மரம். சத்தத்துல பாதிக்கு மேல அந்தப் பலகைலதான் இருக்குன்னு நான் நம்புறேன். நீ கடைக்குப் போனா நடுவுல இருக்குற ஓட்டை, அதான் சவுண்ட் ஹோல், அதோட விளிம்ப நல்லா உத்துப் பாரு, மேல தெரியுற ரேகை அப்படியே விளிம்புலயும் கீழ இறங்குச்சுன்னா முழு மரம், அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட்.

யோசிச்சுப் பாரு, அந்தப் பலகை 3 மில்லிமீட்டர் கூட கனம் இருக்காது, ஆறு கம்பியும் சேந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுக்குது, ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கு, அது உடையவும் கூடாது, அதே சமயம் லேசா அதிரவும் செய்யணும். உள்ள எக்ஸ் மாதிரி குறுக்க ஒட்டின குச்சிங்கதான் அதத் தாங்குது. 1840கள்லயே மார்ட்டின் கம்பெனி கிட்டார்ல அந்த முறை வந்துடுச்சு, இன்னிக்கும் ஸ்டீல் கம்பி கிட்டார்ல பெரும்பாலும் அதேதான். நான் ஒரு தடவ சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வெச்சு உள்ள பாத்தேன், அந்தக் குச்சிங்க ஓரம் அவ்ளோ சுத்தமா செதுக்கியிருக்கு, ஒட்டின பசை எங்கயும் வழியல. யாரும் பாக்காத எடத்துல அப்படி வேல செஞ்சிருக்காங்கடா, அன்னிலேருந்து அதுமேல மரியாத கூடிடுச்சு.

போன வருஷம் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஏசி ரூம்ல மாசக்கணக்கா பெட்டிக்கு வெளியவே வெச்சுட்டேன், மரம் காஞ்சு கம்பிங்கள மாட்டுற பிரிட்ஜுக்குக் கீழ முடி மாதிரி ஒரு விரிசல். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ரிப்பேர் பண்றவர் பசை விட்டு, உள்பக்கம் சின்னதா ஒரு மரத்துண்டு ஒட்டிக் குடுத்தார். கோடு இன்னும் தெரியுது, சத்தம் பழைய மாதிரியே இருக்கு. இப்பல்லாம் பெட்டிக்குள்ளதான் வெக்கிறேன், ஈரப்பதம் 45லேருந்து 55 சதவீதம் இருக்கான்னு சின்ன மீட்டர் வெச்சுப் பாத்துக்குறேன்.

உன் மகளுக்கு ட்ரெட்நாட்ங்கற மாடல் வேணாம்டா, அந்தக் கிட்டாரோட உடம்பு பெருசு, கை எட்டாம தோள் வலிக்கும். அதவிடச் சின்ன கன்சர்ட் சைஸ் பாரு. அதவிட முக்கியம் கம்பி உயரம். கழுத்துல குறுக்க இருக்குற உலோகக் கோடுதான் ஃப்ரெட், 12வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் இருந்தாப் போதும், அதுக்கு மேல போனா விரல் வலிச்சு ஒரே மாசத்துல மூலைல வெச்சுடுவா, அப்புறம் கிட்டார் கஷ்டம்னு நெனச்சுப்பா. நெறைய பேரு விடுறது இதனாலயும்தான். காசு மிச்சம் பண்ணணும்னா பிக்கப்லயும் அலங்காரத்துலயும் பண்ணு, கம்பி உயரத்த சரி பண்ற செட்டப்புல பண்ணாத.

நேத்து எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்து மெதுவா கீழ் ஸ்தாயி இ கம்பிய, அதான் இருக்குறதுலயே தடிச்சத, மட்டும் தட்டினேன், பின்பலகை நெஞ்சுல அதிருது, சத்தம் அடங்குற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடில நீ பாட நான் வாசிச்சது ஞாபகம் வந்துச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி கடைலேருந்தே ஒரு போன் பண்ணு, ஒவ்வொரு கம்பியா தட்டச் சொல்லு, நான் கேக்குறேன்.

உன் மச்சான்