சிரியத்துக்கு ஒரு நாள் ஒதுக்கம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலந்தானே?

டிசம்பரில் வரும்போது பேரனைப் பழைய கோயில்கள் இருக்கிற பகானுக்குக் கூட்டிப்போகலாம் என்று போனில் சொன்னாய். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு நாளை, ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சிரியத்துக்கு ஒதுக்கிவை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போய்வந்தோம். அவன் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

1993-ல் பாலம் வந்த பிறகு பெகு ஆற்றைத் தாண்டுவது ஒன்றுமே இல்லை. நடுவில் ரயில் தண்டவாளம், இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும். ஆனால் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து மணிக் கதையைச் சொல்லவேண்டும். பெகுவை ஆண்ட தம்மசேதி ராஜா, ரங்கூன் மலைமேல் இருக்கிற ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கொடுத்த மாபெரும் மணி அது. போர்த்துகீசியன் டி பிரிட்டோ சிரியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆண்ட காலத்தில், 1608-ல், பீரங்கி வார்ப்பதற்காக அதை மலையிலிருந்து உருட்டி இறக்கித் தெப்பத்தில் ஏற்றினான். பெகு ஆறும் ரங்கூன் ஆறும் கூடுகிற இடத்தில் மணி தெப்பத்தோடு முழுகிப்போய்விட்டது. எத்தனையோ பேர் முக்குளித்துத் தேடிவிட்டார்கள், கிடைக்கவில்லை. 1613-ல் பர்மிய ராஜா அனௌபெட்லுன் சிரியத்தை முற்றுகையிட்டுப் பிடித்து டி பிரிட்டோவைக் கழுவேற்றினார். "சாமி சொத்தில் கை வைத்தால் சும்மா விடுமா?" என்றாள் அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான்.

பழைய மாதாகோயிலுக்கும் போனோம். போர்த்துகீசியர் கோயில் என்பார்கள். கட்டியது இத்தாலியப் பாதிரிமார், 1750 வாக்கில். 1756-ல் பர்மிய ராஜா அலாங்பயா ஊரைப் பிடித்தபோது அதற்கும் முடிவு வந்தது. கூரை இல்லை. செங்கல் சுவரின் வெடிப்புகளில் ஆலங்கன்று வேர்விட்டு இறங்கியிருக்கிறது. கையை வைத்தால் செங்கல் பொடி விரலில் ஒட்டுகிறது. இப்படியே விட்டால் இன்னும் எத்தனை வருஷம் நிற்குமோ என்று மனசு பதறுகிறது. பேரன் தொட்டுப் பார்க்கட்டும்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் உள்ளே விடமாட்டார்கள். ரோட்டிலிருந்தே பார்த்தோம். உன் கொள்ளுத்தாத்தா அங்கேதான் கூலிக்குச் சேர்ந்தார், லைன் வீட்டில் குடியிருந்தார். 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரனே ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனான். புகை ரங்கூன் வரைக்கும் தெரிந்தது என்று தாத்தா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

அங்கிருந்து சௌத்தான் போய் ஆற்று நடுவில் இருக்கிற யேலே பயா என்கிற புத்தர் கோயிலுக்குப் படகேறினோம். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அந்தத் திட்டு முழுகாது என்பது ஊர் நம்பிக்கை. படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். அம்மா பொரியைப் போட்டுக்கொண்டே, அவன் இருந்தால் இந்த இடத்தை விட்டு நகரமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கே வெளிநாட்டாருக்குத் தனிப் படகு, தனிக் கட்டணம். உங்களுக்கு இப்போது சிங்கப்பூர் பாஸ்போர்ட். இங்கே பிறந்து வளர்ந்த என் பிள்ளையை வேறு படகில் ஏற்றிவிட்டு நாங்கள் ஒரு படகில் போவதா என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம். நான் படகுக்காரரிடமே விசாரித்தேன். வெளிநாட்டார் படகில் நாங்களும் கூட ஏறிக்கொள்ளலாமாம். நால்வரும் பேரனுமாக ஒரே படகில்தான் போகிறோம். அதற்கு ஆகிற காசு என்னுடையது, மாப்பிள்ளை கையை நீட்டக்கூடாது.

நாட்டு நிலவரம் உனக்குத் தெரியும். விடியலில் கிளம்பி, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மோஹிங்காவைச் சிரியம் சந்தையிலேயே சாப்பிட்டு, இருட்டும் முன்னே வீடு திரும்பிவிடலாம். கழற்ற லேசான செருப்பாகப் பேரனுக்கு வாங்கிவா, பயாவில் வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். தெரிந்த பையனிடம் காருக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா