நசிந்துபோன அந்த வெள்ளை ஆப்பு பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முகநூலில் சுற்றுகிற பதிவை உங்களில் கனபேர் பார்த்திருப்பீர்கள், சிலர் எங்களுக்கே அனுப்பியும் விட்டீர்கள். எஞ்சின் மூடியை நெம்பிக் கழற்றுகிற ஆப்பென்று எங்கள் லேத் பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடைந்து தந்துவிட்டு இரும்பு விலை எடுக்கிறோமாம், நாலு தரம் பாவிக்கவே விளிம்பு நசிந்து போச்சாம், ஹெலிகொப்டர் வேலை கிடைத்ததும் ஊர்ச்சனத்தைக் கண் தெரியவில்லையாம். விலையைப் பற்றிக் கதைத்தால் பரவாயில்லை. ஆப்பு கடைகிற டெல்ரின் என்ற பிளாஸ்டிக் தடி கொழும்பிலிருந்துதான் வருகிறது, 2022இல் டொலர் ஏறியதும் 2024 தையில் வற் வரி 18 வீதமானதும் உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் "நசிந்து போச்சு" என்ற சொல்தான் எங்களைச் சுட்டது, ஏனென்றால் நசியட்டும் என்றுதான் அதைச் செய்கிறோம்.

ஹெலிகொப்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஹெலிகொப்டர் பராமரிப்பில் இருக்கிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், கியர்பெட்டி மூடியைக் கழற்ற ஒரு ஆப்பு வேண்டுமென்று படம் கீறி அனுப்பினார். பல ஹெலிகொப்டர்களில் அந்தப் பெட்டியின் உறை மக்னீசியக் கலப்பு. பாரம் குறைவு, ஆனால் மேற்பூச்சு கீறுப்பட்டால் கெதியாக அரித்துவிடும். ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்பினால் மூடி வரும், கூடவே கீறலும் வரும். சுழல்கிற தண்டில் கீறினால் இன்னும் மோசம். புடவைக்கடையில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு இழுக்க, துணி அந்த இடத்திலிருந்து நேரே கிழிந்து போகுமே, அதுபோல ஓயாமல் பாரம் ஏறி இறங்குகிற உலோகத்தில் வெடிப்பு கீறலில்தான் தொடங்கும். அதனால் பாகம் தப்ப வேண்டுமென்றால் கருவிதான் தேய வேண்டும்.

தம்பி ஒரே துண்டாகக் கேட்டார், உள்ளே கழன்று விழுவதற்கு ஒரு திருகுகூட இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்க இலக்கம் வெட்ட வேண்டும், கயிறு கட்ட ஓட்டை வேண்டும். நைலோன் போடலாமா என்றார், நாங்கள் வேண்டாம் என்றோம், மாரியில் அது ஈரத்தை இழுத்து அளவு மாறிவிடும். இதில் நேரம் தின்னுகிற வேலை கடைவதல்ல, அதற்கு முன் லேத்தைத் துடைப்பது. முதல் நாள் கடைந்த இரும்பின் ஒரு சுருள் டெல்ரினில் குத்தி நின்றால், மென்மையான ஆப்பே அரம் மாதிரிக் கீறும். காசு அதற்கும்தான். பறக்கிற பாகம் எதையும் நாங்கள் செய்வதில்லை, செய்த கருவியையும் அங்கே உள்ள பரிசோதகர்கள் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் பாவிப்பார்கள்.

குருநகர், பாசையூர்ப் பக்கம் போட் எஞ்சினுக்குக் கொடுப்பதும் இதே சாமான்தான். அலுமினிய உறையில் பெயின்ற் போன இடத்தை உப்புத்தண்ணி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதிவு போட்ட ஐயா ஆப்பின் படத்தைப் போட்டார், எஞ்சினின் படத்தைப் போடவில்லை, அதில் கீறல் இருந்தால் கட்டாயம் போட்டிருப்பார். நசிந்ததைக் கொண்டு வாருங்கள், விளிம்பை மறுபடி கடைந்து தருகிறோம், துண்டில் நீளம் இருக்கும்வரை அதற்குக் காசு எடுப்பதில்லை. இது முந்தியும் அப்படித்தான்.

லேத்தில் நின்ற பொடியன் வெளிநாடு போய்விட்டதால் வேலை கொஞ்சம் சுணங்குகிறது, அதற்கு மன்னிக்க வேண்டும். கரண்டும் டீசலும் இல்லாத நாட்களிலும் பம்பின் தண்டையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் புஷ்ஷையும் வேறெங்கும் கொண்டுபோகாமல் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள், அந்தப் பதிவின் கீழே எங்களுக்காகக் கதைத்தவர்களும் நீங்கள்தான். மனமார்ந்த நன்றி. அடுத்த மாதத்திலிருந்து ஓடருக்குப் பாதிக் காசு முற்பணம், கடையத் தொடங்கினால் திரும்பாது, சனிக்கிழமை பூட்டு.

அப்புறம், வரும்போது பழைய பாகத்தையும் கையோடு கொண்டு வாருங்கள், போனில் வருகிற படத்தை வைத்து அளவெடுக்க ஏலாது.

பட்டறைக்காரன்,
கொக்குவில்