மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை நம்பி அனுப்பிவிடாதீர்கள்

மாவட்ட அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். 2010-இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கிடந்தது தெரியவந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமாக் கருவியிலிருந்து வந்தது அது. ஒருவர் இறந்தார். இப்படிக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் வாந்தி, தோல் கருமை, முடி உதிர்வு என்று உங்களிடம்தான் முதலில் வருவார்கள். பழைய இரும்பு வேலையா, வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம்பிடிக்கும் இரிடியம்-192 வேலையா என்று கேளுங்கள். வாந்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் எழுதிவையுங்கள்.

கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்தாலும், ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுபவை தம் ஆயுள்வரை ஓடும்: சிவப்பணு 120 நாள், தட்டணு (பிளேட்லெட்) 8–10 நாள். அதனால் முதல் வாரம் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் நன்றாகவே இருக்கும். வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் முதலில் கூடவும் செய்யும். இன்னொரு வகையான லிம்போசைட் மட்டும் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கிவிடும். ஆகவே வெள்ளையணு வகைகளைப் பிரித்துக் காட்டும் டிஃபரன்ஷியலோடு சிபிசி (முழு இரத்த எண்ணிக்கை), 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள். மொத்த வெள்ளையணு 11,000, அதில் லிம்போசைட் 5% என்றால் கையிலிருக்கும் லிம்போசைட் 550தான். "கவுண்ட் நல்லா இருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர் இவர்தான். 48 மணி நேரத்தில் லிம்போசைட் 1,000-க்குக் கீழே போனால் ஆபத்து. புண்ணுக்கென்று ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதுவும் லிம்போசைட்டைக் குறைக்கும், கணக்கு குழம்பிவிடும்.

இரத்தம் ஏற்றுமுன், மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனைக்கு மாதிரி எடுங்கள். பட்ட கதிரின் அளவை மதிப்பிடும் குரோமோசோம் பரிசோதனைக்கு, கதிர்பட்டு 24 மணி நேரம் கழிந்தபின் லித்தியம் ஹெப்பாரின் குழாயில் எடுங்கள், உறையவைக்காதீர்கள்.

உடம்பில் பட்ட கதிர் 2 கிரேக்கு (கதிர் அளவின் அலகு) மேல் என்று சந்தேகம் வந்தாலே, நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் மருந்தைத் தொடங்கலாம், நியூட்ரோஃபில் விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்றும் இரத்தமும் பிளேட்லெட்டும் வெள்ளையணு வடிகட்டி, 25 கிரே கதிரூட்டியவையாக இருக்கட்டும். இல்லையேல் கொடையாளரின் லிம்போசைட்டுகளே நோயாளியைத் தாக்கும். பத்தாம் நாளையொட்டி நியூட்ரோஃபில் சற்று ஏறும். அதைப் பார்த்து டிஸ்சார்ஜ் எழுதாதீர்கள், உண்மையான சரிவு மூன்றாம் நான்காம் வாரத்தில்தான்.

மஜ்ஜை மாற்று பற்றிப் பத்திரிகைகள் ஆர்வமாகக் கேட்கும். செர்னோபில் அணு உலை விபத்தில் 13 பேருக்குச் செய்தார்கள், பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

இன்னொன்று, வெளியிலிருந்து மட்டும் கதிர்பட்டவர் உடம்பிலிருந்து கதிர் வீசாது. உடையைக் கழற்றி, கருவியால் ஒருமுறை பார்த்து, தூசு ஒட்டவில்லை என்று உறுதியானால் செவிலியர்கள் தள்ளி நிற்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
இரத்தவியல், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் உள்ள சிலர்